சத்தம் போடும் பிழையும் சத்தமில்லாத பிழையும்: பென்டிரைவில் லினக்ஸ்

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். பென்டிரைவில் லினக்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் சிடியின் முழு நகலை, ரூஃபஸ், வென்டாய் போன்ற மென்பொருளிடம் கொடுத்துப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் துவக்கிப் பார்ப்பதுதான். அதற்கு லைவ் என்று பெயர். கணினியை அணைத்தால் செய்த மாற்றமெல்லாம் போய்விடும். இங்கே நான் எழுதப்போவது வேறு வேலை. பென்டிரைவையே ஹார்ட் டிஸ்க்காகப் பாவித்து அதில் லினக்ஸை முழுமையாக நிறுவுவது. இதற்கு இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்றில் லைவ் இருக்கும், இன்னொன்றில் நிறுவல் போய் உட்காரும். தகராறு எல்லாம் இந்த இரண்டாவது பென்டிரைவில்தான்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், எங்களுக்கு இது பொழுதுபோக்கு வேலை இல்லை. 1960களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபிறகு, பிள்ளைகள் தமிழ் படிப்பது பெரும்பாலும் கோயில் மண்டபங்களில்தான். மார்ச் முதல் மே வரை பள்ளி விடுமுறை. வகுப்புகள் களைகட்டுவதும் அப்போதுதான். தட்டச்சு சொல்லிக்கொடுக்கலாம் என்றால் கணினிக்கு எங்கே போவது? ஒருத்தர் கடைக் கணக்கு லேப்டாப்பை இரண்டு மணி நேரத்துக்குத் தருவார், இன்னொருத்தர் பழைய மேசைக் கணினியைத் தருவார். “விண்டோஸ்ல கை வைக்கக்கூடாது” என்பதுதான் எல்லாரும் போடும் ஒரே நிபந்தனை. நியாயம்தானே. அதனால் பிள்ளைக்கு ஒரு பென்டிரைவ், அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை, தமிழ்99 விசைப்பலகை, பர்மிய யூனிகோடு எழுத்துரு. கடன் வாங்கிய கணினியில் செருகித் துவக்கலாம், வேலை முடிந்தால் பிடுங்கிக்கொண்டு போகலாம். இப்படிப் பல பென்டிரைவ்களோடு மல்லுக்கட்டியதில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. திரையில் சிவப்பாக வந்து மிரட்டும் பிழைகளில் பெரும்பாலானவை சாது. மோசமானது ஒன்று உண்டு, அது வாயே திறக்காது.

முதலில் சாதுக்களைப் பார்ப்போம்.

டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் கருவி ஜிபார்ட்டட். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தவுடன், “டிஸ்க்கின் பிளாக் அளவு 2048 பைட் என்று டிரைவர் டிஸ்கிரிப்டர் சொல்கிறது, ஆனால் லினக்ஸ் 512 பைட் என்கிறது” என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். பார்த்ததும் பென்டிரைவ் செத்துவிட்டது என்று தோன்றும். சாகவில்லை. அதில் எப்போதோ யாரோ ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2048 என்பது சிடி, டிவிடிகளின் செக்டர் அளவு. செக்டர் என்றால் டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு. ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் எழுதினால் சிடியின் அடையாளங்களும் கூடவே வந்துவிடும். 32768ஆவது பைட்டை ஒட்டி ‘சிடி001’ என்று ஒரு முத்திரை இருக்கும். ஆப்பிள் கணினிகளிலும் துவங்கட்டும் என்று பல ஐஎஸ்ஓக்களின் முதல் செக்டரிலேயே ஆப்பிள் பாணி அட்டவணையின் தலைப்பையும் வைத்திருப்பார்கள். ஜிபார்ட்டட்டின் உள்ளே வேலை செய்யும் பார்ட்டட் அதைப் படித்துவிட்டுத்தான் 2048 என்கிறது.

இதே காரணத்தால்தான் 16 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் சில எம்பி என்று காட்டுவதும். ஐஎஸ்ஓவோடு வந்த, துவக்கக் கோப்புகள் மட்டும் உள்ள சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும்தான் விண்டோஸின் கண்ணில் படுகிறது. அதை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அந்தச் சில எம்பிதான் ஃபார்மட் ஆகும். “கெட்டுப்போச்சு, நீங்களே வெச்சுக்குங்க” என்று இப்படிப்பட்ட பென்டிரைவ்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். பார்ட்டிஷன் அட்டவணையையே அழித்துவிட்டால் முழு அளவும் திரும்பிவிடும்.

அழிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிஸ்க்கில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையால் பென்டிரைவின் முதல் சில எம்பியில் சுழியம் எழுதினால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பார்ட்டிஷன் அட்டவணையில் பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி என்று இரண்டு வகை. எம்பிஆர் அட்டவணைக்கு அது போதும். ஜிபிடி அட்டவணைக்குப் போதாது. ஜிபிடி தன் அட்டவணையைத் தொடக்கத்தில் ஒரு பிரதியும் டிஸ்க்கின் கடைசி 33 செக்டரில் இன்னொரு பிரதியுமாக வைத்திருக்கும். தலையை வெட்டினாலும் வால் மிச்சம் இருக்கும். அடுத்த தடவை பார்ட்டட் வாலைக் கண்டுபிடித்து, “முதன்மை ஜிபிடி கெட்டிருக்கிறது, பிரதி நன்றாக இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?” என்று கேட்கும். பழையதைத்தான் அழிக்கப் போனோம், அதையே மீட்டுத் தரட்டுமா என்கிறது! எஸ்ஜிடிஸ்க் கட்டளைக்கு --ஜாப்-ஆல் கொடுத்தால் இரண்டு முனையும் போகும். அப்புறம் வைப்எஃப்எஸ் -ஏ கொடுத்தால் ஐஎஸ்ஓ முத்திரையும் போகும். நான் இரண்டையும் வரிசையாகக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவேன்.

இவற்றைக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, லினக்ஸ் வைத்த பெயர்களில் எது எஸ்டிஏ, எது எஸ்டிபி, எது எஸ்டிசி என்று அளவையும் மாடல் பெயரையும் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாக இருக்கலாம். லைவ் பென்டிரைவும் நிறுவப்போகும் பென்டிரைவும் ஒரே அளவாக இருந்தால் குழப்பம் நிச்சயம். அதனால் என்னுடைய லைவ் பென்டிரைவ் எப்போதும் 8 ஜிபி, மற்றவை எல்லாம் 32. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருப்பதை லினக்ஸ் 29 சொச்சம் என்று காட்டும். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. கம்பெனிக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024ஆல் வகுக்கிறது.

அடுத்து, “டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி”, அதாவது சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழை. பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றியாகிவிட்டது, ஆனால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பென்டிரைவைச் செருகியதுமே டெஸ்க்டாப் தானாக அதை மவுண்ட் செய்திருக்கும், அதாவது திறந்து வைத்திருக்கும். யுமவுண்ட் செய்து மூடிவிட்டு, அட்டவணையை மறுபடி படிக்கச் சொல்லும் பார்ட்ப்ரோப் கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் பிடுங்கிச் செருகுங்கள். இதற்கு மேல் இந்தப் பிழையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கொஞ்சம் யோசிக்க வைப்பது, லினக்ஸைத் துவக்கிவிடும் பூட்லோடரான கிரப் சொல்லும் பிழை: “இந்த ஜிபிடியில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை, உள்ளே பதிக்க முடியாது.” எங்கள் வகுப்புக்கு வரும் கணினிகளில், முதலில் எழுந்து மற்றதை எழுப்பும் உள் மென்பொருள் பாதியில் யுஇஎஃப்ஐ, பாதியில் பழைய பயாஸ். பயாஸில் துவங்க, எம்பிஆர் அட்டவணையில் முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தில் கிரப் தன் ஒரு பகுதியை ஒளித்துவைத்துக்கொள்ளும். ஜிபிடியில் அந்த இடத்தை அட்டவணையே எடுத்துக்கொள்கிறது. அதனால் கிரப்புக்கென்று 1 எம்பியில் தனியாக ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கி, பயாஸ்_கிரப் என்ற கொடியை, அதாவது அடையாளத்தைப் போட வேண்டும். அதை ஃபார்மட் செய்யக்கூடாது. நான் பிரிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் அந்த 1 எம்பி. அடுத்து 512 எம்பி ஃபேட்32 வடிவில், இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று காட்டும் இஎஸ்பி கொடியோடு. அடுத்து சில ஜிபிக்கு எக்ஸ்ஃபேட், பிள்ளைகள் படமும் பாட்டும் வைத்துக்கொள்ள. மிச்சம் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில், அதில்தான் டெபியன். நிறுவி முடித்தபின் கிரப்பை இரண்டு தடவை போடுகிறேன், ஒருமுறை ஐ386-பிசி இலக்குக்கு, ஒருமுறை எக்ஸ்86_64-இஎஃப்ஐ இலக்குக்கு. ஒரே பென்டிரைவ் இரண்டு வகைக் கணினியிலும் எழுந்து உட்காரும்.

நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் இடம் கடன் கொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் வைப்பதில்லை. பென்டிரைவின் எழுதும் வேகத்தில் ஸ்வாப் வைத்தால் அது உதவியா உபத்திரவமா என்றே சொல்ல முடியாது. எக்ஸ்ஃபேட் எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகள் பென்டிரைவை எங்கெங்கோ செருகுவார்கள். எக்ஸ்ட்4 மட்டும் இருந்தால், சில கணினிகளில் விண்டோஸ் அதைப் படிக்கத் தெரியாமல், “இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?” என்று கேட்கும். வீட்டில் யாராவது ஆமாம் என்று அழுத்திவிடுவார்கள். விண்டோஸுக்குப் படிக்கத் தெரிந்த ஒன்று கண்ணில் பட்டால், மற்றதை நோண்டும் ஆசை கொஞ்சம் குறையும்.

இப்போது சாது மாதிரி வேஷம் போடும் ஒரு பிழை. “பிரதி ஜிபிடி அட்டவணை கெட்டிருக்கிறது, முதன்மை நன்றாக இருக்கிறது.” முன்னே சொன்னதன் தலைகீழ் வடிவம். ஒரு சின்ன டிஸ்க்கின் படிமத்தை, அதாவது முழு நகலைப் பெரிய பென்டிரைவில் எழுதினாலும் பார்ட்டட் இதைப் போல ஏதாவது முணுமுணுக்கும். சரிசெய்யவா என்று கேட்கும், சரி என்றால் முடிந்தது. ஆனால் புத்தம்புது பென்டிரைவில், இப்போதுதான் அட்டவணை போட்டு, பிடுங்கிச் செருகியவுடன் இந்தச் செய்தி வந்தால் எனக்கு வேறு சந்தேகம் வரும்.

யாங்கோன் மகாபந்துலா சாலை நடைபாதையில் 64 ஜிபி, 128 ஜிபி என்று அச்சடித்த பென்டிரைவ்கள் குவியலாகக் கிடக்கும். பிள்ளைகள் அங்கேதான் வாங்குவார்கள், விலை அப்படி. அவற்றில் சில போலி. உள்ளே இருக்கும் சிப் 8 ஜிபியாக இருக்கும். அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரை மட்டும் திருத்தி 64 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கணினி அதை நம்புகிறது. 8 ஜிபிக்கு மேல் எழுதுவதெல்லாம் எங்கோ மறைந்துவிடும், அல்லது சுற்றிவந்து முன்னால் எழுதியதன் மேலேயே விழும். எழுதும்போது பிழையே வராது. இல்லாத நிலத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்த கதைதான். ஜிபிடியின் பிரதி டிஸ்க்கின் கடைக்கோடியில் போய் எழுதப்படுவதால், இல்லாத இடத்தை முதலில் தொடுவது அதுவே. திரும்பப் படித்தால் அங்கே ஒன்றும் இருக்காது. பிரதி கெட்டுவிட்டது என்று பார்ட்டட் புகார் சொல்லும்.

பலர் அந்தப் புகாரைச் சரிசெய்து சரிசெய்து தாண்டிப் போகிறார்கள். அப்புறம் நிறுவல் பாதியில் நிற்கும், ‘எர்னோ 5’, உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று. சில நேரம் நிறுவல் முழுமையாக முடிந்துவிடும். முதல் துவக்கத்தில் கோப்புகள் காணாமல் போயிருக்கும். உடனே ஐஎஸ்ஓ சரியில்லை, டெபியன் சரியில்லை, உபுண்டு போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பிப்பார்கள். டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை மாற்றி மாற்றி வாரக் கடைசியைத் தொலைப்பதற்கு முன்னால் எஃப்3 என்ற சின்னக் கருவியை ஓட்டிப் பாருங்கள். டெபியன் தொகுப்பிலேயே இருக்கிறது. அதிலுள்ள எஃப்3ப்ரோப், உண்மையான கொள்ளளவைச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். உள்ளே இருப்பது அழிந்துவிடும்படி ஓட்டினால் வேகம் அதிகம், அதனால் காலி பென்டிரைவில் ஓட்டுவது நல்லது. நேரம் இருந்தால் எஃப்3ரைட், எஃப்3ரீட் இரண்டையும் ஓட்டலாம். அவை பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்.

ஒரு தடவை புதுப் பென்டிரைவோடு ஒரு பெண் பிள்ளை வந்தாள். எஃப்3 ஓட்டியதில் 7 சொச்சம் ஜிபி என்று வந்தது, அட்டையில் இருந்ததோ 64. “ஸயா, பாதியாவது வருமா?” என்று கேட்டாள். ஸயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர். உண்மையான அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டால் சில நாள் ஓடும்தான். ஆனால் போலியில் போடும் சிப் எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றேன். அவள் ஆத்தா கூடப் போய்ச் சத்தம் போட்டதில் காசு திரும்பியது.

சரி, இப்போது வாய் திறக்காத பிழை.

வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் வீடியோ பார்த்துத் தானே பென்டிரைவில் உபுண்டு நிறுவினான். மாமாவின் லேப்டாப்பில், இரவில். இலக்கு பென்டிரைவ்தான் என்று சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கீழே பூட்லோடரை எங்கே நிறுவ என்று கேட்ட இடத்திலும் பென்டிரைவையே காட்டியிருக்கிறான். ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை. நிறுவல் வெற்றி. காலையில் மாமா கடைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை, மேலே ஓரத்தில் ‘கிரப்>’ என்று ஒரே ஒரு வரி. பக்கத்து ரிப்பேர் கடையில், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட்தான் வழி என்றிருக்கிறார்கள். பையன் எனக்குப் போன் செய்தான். “ஸயா, நான் அதத் தொடவே இல்ல ஸயா. மாமா என்னைக் கொன்னுடுவாரு.”

“பென்டிரைவைச் செருகிட்டுத் திறந்து பாரு” என்றேன்.

செருகியதும் உபுண்டு வந்தது. அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது.

அவன் மேல் தப்பே இல்லை. உபுண்டுவும் மின்ட்டும் நெடுங்காலம் பயன்படுத்திய யுபிக்விட்டி நிறுவியில் இந்தக் குறை இருந்தது. யுஇஎஃப்ஐ கணினியில் பூட்லோடருக்கு எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் அது போய்ப் போடும். முதலில் படுவது லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். ஆக லினக்ஸ் பென்டிரைவில், அதை எழுப்ப வேண்டிய கிரப் லேப்டாப்பில். பென்டிரைவ் இல்லாமல் லேப்டாப்பைத் திறந்தால் கிரப் தன் கோப்புகளைத் தேடிக் காணாமல் விழிக்கும். பென்டிரைவை வேறு கணினியில் செருகினால் அதில் கிரப்பே இல்லாததால் ஒன்றும் நடக்காது. இரண்டு பக்கமும் அரைகுறை, ஆனால் திரையில் வந்ததோ வாழ்த்துச் செய்தி.

நல்ல வேளை, விண்டோஸ் அப்படியே இருந்தது. லேப்டாப்பைத் திறக்கும்போது பூட் மெனு விசையை அழுத்தி, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். போனிலேயே மாமாவின் குரல் கேட்டது: “அப்ப என் கணக்கு எல்லாம் இருக்கா?” இருந்தது. அன்று மாலை போய் மிச்சத்தைச் செய்தோம். உபுண்டுவைத் துவக்கி, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் லேப்டாப்பின் நினைவில் பதிந்திருந்த ‘உபுண்டு’ என்ற துவக்கப் பதிவை நீக்கினோம். உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருந்த உபுண்டு அடைவையும் அழித்தோம். பென்டிரைவில் இடம் ஒதுக்கி ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை --ரிமூவபிள் என்ற விருப்பத்தோடு ஓட்டினோம். இந்த விருப்பம்தான் முக்கியம். அதைக் கொடுத்தால் கிரப், இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொதுப் பாதையில் உட்காரும். முன்பின் பார்த்திராத பென்டிரைவைச் செருகினால் யுஇஎஃப்ஐ தேடும் பாதை அதுவே. துவக்கப் பட்டியலில் பெயர் பதிந்திருக்க வேண்டியதில்லை. துவங்கும்போது எந்தப் பார்ட்டிஷன்களைத் திறக்க வேண்டும் என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷனின் யுயுஐடி என்ற அடையாள எண் இருந்தது, அதையும் புதியதாக மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த கணினியில் துவங்கும்போது இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து அவசர நிலைக்குப் போய் நிற்கும்.

இதைத் தவிர்க்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது, நிறுவும்போது உள் டிஸ்க்கையே கழற்றிவிடுவது. மேசைக் கணினியில் ஒரு கேபிளைப் பிடுங்கினால் ஆயிற்று. லேப்டாப்பில் அது அவ்வளவு எளிதில்லை. அங்கே ஜிபார்ட்டட்டில் உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து பூட், இஎஸ்பி கொடிகளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, நிறுவி முடித்ததும் திரும்பப் போட்டுவிடுவார்கள். திரும்பப் போட மறந்தால் அது வேறு வம்பு. டெபியன் நிறுவியில் பார்ட்டிஷன்களைக் கையால் அமைக்கும்போது உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் ‘பயன்படுத்தாதே’ என்று குறித்துவிடலாம். பொதுப் பாதையிலும் கிரப்பைப் போடவா என்று கேட்டால் ஆம் என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் கணினியில் வைத்து நிறுவுவதே கூடாது என்று நான் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பயன்படுத்த எந்தக் கணினியும் ஆகும். நிறுவ மட்டும் மண்டபத்தில் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் கிடக்கும் அந்தப் பழைய டப்பாதான்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் யாங்கோனில் எதையும் எழுத முடியாது. முறை வைத்து வரும், முறை தவறியும் போகும். பேட்டரி செத்த லேப்டாப்பில் நிறுவிக்கொண்டிருக்கும்போது போனால், எக்ஸ்ட்4இல் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் இருப்பதால் கோப்பமைப்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் போதும். அட்டவணை எழுதும் நொடியிலோ கிரப் எழுதும் நொடியிலோ போனால் முதலிலிருந்து தொடங்குவதே மேல். படிமம் எழுதும்போது நூறு சதவீதம் என்று காட்டியவுடன் பிடுங்கிவிடாதீர்கள். பாதி இன்னும் நினைவகத்தில்தான் இருக்கும். சிங்க் கட்டளை கொடுத்து, கர்சர் திரும்பும்வரை காத்திருங்கள். தெருவில் “மீ லாபி”, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்துவது கேட்டதும் நான் முதலில் செய்வது, நின்றுபோன நிறுவலை மறுபடி தொடங்குவதுதான். அடுத்த வெட்டுக்கு முன்னால் முடித்தாக வேண்டுமே.

கடைசியாக, பிரதி எடுப்பது. ஒன்றை நன்றாக அமைத்துவிட்டு டிடியால் மற்றவற்றுக்கு நகல் எடுப்பதுதான் இப்போது வழக்கம். இதில் இரண்டு சங்கதி. 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் கூடும் குறையும். மூலம் பெரியதாகவும் நகல் சிறியதாகவும் இருந்தால், கடைசியில் “இடம் இல்லை” என்று நின்று எக்ஸ்ட்4இன் வால் வெட்டுப்படும். அதனால் மூலத்தில் கடைசி 2 ஜிபியைக் காலியாகவே விட்டுவிடுகிறேன், கடைசிப் பார்ட்டிஷன் முடியும் இடம்வரை மட்டும் நகல் எடுக்கிறேன். வால் நகலில் வராததால், எஸ்ஜிடிஸ்க் -இ கொடுத்து ஜிபிடி பிரதியை அந்தந்தப் பென்டிரைவின் கடைசியில் வைக்கிறேன். இன்னொன்று, நகல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே யுயுஐடி இருக்கும். தனித்தனியாகச் செருகும்வரை தொல்லை இல்லை. இரண்டை ஒரே கணினியில் செருகித் துவக்கினால், ஒன்றின் கிரப் மற்றதன் டெபியனை எழுப்பிவிடும். ஒரு பிள்ளை தட்டிய பாடம் இன்னொரு பிள்ளையின் பென்டிரைவில் போய்ச் சேமிக்கப்படும். அதனால் துவக்கும்போது ஒரு கணினியில் ஒரு பென்டிரைவ் மட்டும். கோப்பு கொடுக்கல் வாங்கலுக்குத் தனியாக ஒரு சாதாரணப் பென்டிரைவ் வைத்திருக்கிறோம்.